குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங்: டாக்டர்களிடமும் ஹெல்த் பிளான்களிடமும் சர்வே எடுப்பது எப்படி?

1999–2000இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நாடு தழுவிய ஒரு சர்வே எடுத்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை அறிகுறி தெரியும் முன்பே கண்டுபிடிக்கும் ஸ்கிரீனிங்கை யார் எப்படிச் செய்கிறார்கள் என்று குடும்ப டாக்டர்கள், குடல் நோய் நிபுணர்கள், அறுவை மருத்துவர்கள், ஹெல்த் பிளான்கள் எனப்படும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் மருத்துவ இயக்குநர்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். "செய்கிறீர்களா?" என்பதோடு விட்டுவிடவில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எந்த இடத்தில், எத்தனை மாதிரி வைத்துச் செய்கிறீர்கள் என்றும் கேட்டார்கள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குடும்ப டாக்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், மல மாதிரியைத் தடவும் அட்டையைக் கொடுத்து வீட்டில் எடுத்துவரச் சொல்வதே இல்லை. கிளினிக்கில் மலக்குடலை விரலால் பரிசோதிக்கும்போது கிடைக்கும் ஒரே மாதிரியோடு முடித்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அது. ஆபத்தான பாலிப்போ (குடலின் உட்சுவரில் வளரும் சதைக்கட்டி) புற்றோ இருந்தவர்களில், அந்த ஒற்றை மாதிரி 100க்கு 5 பேரைத்தான் பிடித்தது. வீட்டில் எடுத்த ஆறு மாதிரிகள் 24 பேரைப் பிடித்தன.

"ஸ்கிரீனிங் செய்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த டாக்டர்கள் அத்தனை பேரும் "ஆமாம்" என்றே சொல்லியிருப்பார்கள், அதில் பொய்யும் இருந்திருக்காது. முதல் முறை சர்வே எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வரும் படிகளில் நான்காவதை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

படி 1: யாரைக் கேட்பது

அமெரிக்காவில் டாக்டர்களுக்கு வழக்கமான பட்டியல், அமெரிக்க மருத்துவச் சங்கம் பராமரிக்கும் மாஸ்டர்ஃபைல். சங்கத்தில் சேராத டாக்டர்களும் அதில் இருப்பார்கள். ஓய்வு பெற்றவர்களும் முகவரி மாறியவர்களும்கூட இருப்பார்கள். அதனால் கேள்வித்தாளின் முதல் கேள்வியிலேயே "இப்போது நோயாளிகளைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு வடிகட்டிவிடுங்கள்.

ஹெல்த் பிளான்தான் கொஞ்சம் சிக்கல். ஒரே கம்பெனி பல மாநிலங்களில் பல பெயர்களில் பிளான் நடத்தும். நீங்கள் எண்ணப்போவது கம்பெனியையா, பிளானையா? இதை முதல் நாளே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

படி 2: எத்தனை பேர்

பெரிய எண்ணிக்கையிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால், 5 சதவீதப் புள்ளிப் பிழைக்குள் சொல்ல 384 பதில்கள் தேவை (95 சதவீத நம்பகத்தன்மையில்). இது வந்து சேரவேண்டிய எண்ணிக்கை. 1991இல் மருத்துவ இதழ்களில் வெளியான தபால் சர்வேக்களிலேயே டாக்டர்களின் பதில் விகிதம் சராசரியாக 54 சதவீதம்தான். நீங்கள் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 384ஐ 0.4ஆல் வகுத்தால் 960. தவறான முகவரிகளுக்குப் பத்துச் சதவீதம் விட்டால் 1,070 அளவில் அனுப்ப வேண்டும். குடும்ப டாக்டர்களுக்கும் குடல் நிபுணர்களுக்கும் தனித்தனியாக முடிவு சொல்வதாக இருந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் இதே கணக்கு.

படி 3: அனுமதி

உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பியுங்கள். நோயாளியின் பெயரோ பதிவேடோ தேவைப்படாத கேள்வித்தாள் என்றால் வேலை சுலபம்.

படி 4: டாக்டருக்கான கேள்விகள்

டாக்டரின் கருத்தைக் கேட்காதீர்கள். அவர் செய்ததைக் கேளுங்கள்.

"ஸ்கிரீனிங் முக்கியம் என்று நினைக்கிறீர்களா?" என்ற கேள்வியால் பயனில்லை. "கடந்த ஒரு மாதத்தில், அறிகுறி இல்லாத எத்தனை நோயாளிகளை ஸ்கிரீனிங்குக்காகக் கொலோனோஸ்கோபிக்கு அனுப்பினீர்கள்?" என்றால் அவர் நின்று யோசிப்பார். (கொலோனோஸ்கோபி என்பது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை.) "அறிகுறி இல்லாத" என்ற சொல் கட்டாயம் வேண்டும். மலத்தில் ரத்தம் வருகிறது என்று வந்தவருக்குச் செய்வது நோயறியும் பரிசோதனை, அது ஸ்கிரீனிங் கணக்கில் வராது.

வயதைக் கேட்கும் இடத்தில் தேர்வுகள் கொடுக்காமல் வெறும் கட்டம் விடுங்கள். 2021 மே மாதம் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. "45" என்று நீங்களே அச்சடித்துவிட்டால், இன்னும் 50இலேயே தொடங்கும் டாக்டர்கூட அதில்தான் டிக் அடிப்பார். எப்போது நிறுத்துவார் என்பதையும் கேளுங்கள். 75 வயதுக்கு மேல் ஒவ்வொருவரின் உடல்நிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. தேவையில்லாமல் செய்வதும் அந்தக் கேள்வியில்தான் தெரியவரும்.

அப்புறம், ஒரு சிறு கதையைக் கொடுங்கள்: "55 வயதுப் பெண். குடும்பத்தில் யாருக்கும் இந்தப் புற்று இல்லை. மலச் சோதனையில் பாசிட்டிவ். அடுத்து என்ன செய்வீர்கள்?" சரியான பதில் கொலோனோஸ்கோபி. முன்சொன்ன தேசிய சர்வேயில் பத்தில் மூன்று டாக்டர்கள், அதே மலச் சோதனையைத் திரும்பச் செய்வோம் என்றார்கள். இரண்டாவது சோதனை நெகட்டிவ் வந்தால் அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே பாலிப் இருந்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு கேள்விக்காகவே சர்வே எடுக்கலாம் என்பேன்.

படி 5: ஹெல்த் பிளானுக்கான கேள்விகள்

இது மருத்துவ இயக்குநருக்குப் போக வேண்டும். "ஸ்கிரீனிங்குக்குக் காப்பீடு உண்டா?" என்று கேட்காதீர்கள். அமெரிக்காவின் 2010 சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான பிளான்கள் உறுப்பினரிடம் பணம் வாங்காமல் ஸ்கிரீனிங் தரவேண்டும். எல்லோரும் "உண்டு" என்றுதான் எழுதுவார்கள்.

இப்படிக் கேளுங்கள்: வயது வந்தும் ஸ்கிரீனிங் செய்யாத உறுப்பினர்களின் பட்டியலை எடுக்கிறீர்களா? அவர்களுக்கு நினைவூட்டல் போகிறதா? டாக்டருக்கும் போகிறதா? பாசிட்டிவ் வந்தவர் கொலோனோஸ்கோபிக்குப் போனாரா என்று யார் பார்க்கிறார்கள்?

படி 6: சோதித்துப் பார்த்து அனுப்புவது

ஏழெட்டு டாக்டர்களை உட்காரவைத்து, கேள்வியைப் படிக்கும்போது மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

பதில் வந்த பிறகு பணம் தருகிறோம் என்பதைவிட, முதல் உறையிலேயே சிறு தொகை வைத்து அனுப்பினால் அதிகம் பேர் பதில் தருவார்கள். இரண்டு மூன்று முறை நினைவூட்டுங்கள். கிளினிக்கில் தபாலைப் பிரிப்பவர் டாக்டர் அல்ல, வரவேற்பில் இருப்பவர். போன் செய்யும்போது அவரிடம் மரியாதையாக இரண்டு நிமிடம் பேசுங்கள்.

படி 7: எண்ணுவது

பதில் விகிதத்தைக் கணக்கிடும்போது ஓய்வு பெற்றவர்களைக் கழித்துவிடலாம். பதிலே வராதவர்களைக் கழிக்கக் கூடாது. பதில் தந்தவர்களும் தராதவர்களும் வயதிலும் துறையிலும் ஊரிலும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று மாஸ்டர்ஃபைலை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, டாக்டர் தாளையும் பிளான் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மலச் சோதனை பாசிட்டிவ் ஆன பிறகு செய்யும் கொலோனோஸ்கோபியைப் பல பிளான்கள் முன்பு நோயறியும் பரிசோதனையாகக் கணக்கிட்டு, நோயாளிக்கு பில் அனுப்பின. 2022 மே 31 முதல் தொடங்கும் பிளான் ஆண்டுகளில் தனியார் பிளான்கள் அப்படி வாங்கக் கூடாது என்று அரசு தெளிவுபடுத்தியது. 2023 ஜனவரியிலிருந்து, முக்கியமாக மூத்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் அப்படித்தான். உங்கள் பிளான் தாளில் எல்லோரும் "பணம் வாங்குவதில்லை" என்று எழுதியிருக்கலாம். அதே ஊர் டாக்டர் தாளில், "ஏன் அனுப்பவில்லை?" என்ற கேள்விக்கு "நோயாளிக்குச் செலவாகும்" என்று வந்திருந்தால், அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு முதலில் பிளானின் மருத்துவ இயக்குநரைப் போய்ப் பாருங்கள்.