வீட்டுவழிக் கல்வியில் தொடக்கநிலைக் கணிதம்: பாடத்திட்டங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ஹோம்ஸ்கூலிங் தொடங்கும் பெற்றோர் கணிதப் புத்தகம் தேட ஆரம்பித்ததுமே பெயர்கள் வரிசைகட்டி வரும்: சிங்கப்பூர் மேத், சாக்ஸன், மேத்-யூ-சீ, ரைட்ஸ்டார்ட், பீஸ்ட் அகாடமி, மேத் மேமத். கூடவே நம் என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசின் பாடநூல் அமைப்பு), தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்குப் பொருந்தியதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை வீட்டிலேயே, ஒரு நோட்டும் சில காகிதத் துண்டுகளும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியும். 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளை மனத்தில் வைத்து இந்த முறையைச் சொல்கிறோம்.

படி 1: புத்தகத்தைத் திறக்கும் முன் பிள்ளையைப் பாருங்கள்

மேலே சொன்ன வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் பலவும் எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்பதற்கான தேர்வைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே தருகின்றன. அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விடைக்கும் "எப்படிப் போட்டே?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே எழுதிவையுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு விடையை மாற்ற ஆரம்பித்துவிடும்.

எட்டு வயதையொட்டிய பிள்ளைக்கு ஒரு கணக்கு போதும், நிறையச் சொல்லும்: 402 − 178. விடை 224.

376 என்று வந்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. 4-இல் 1 போக 3, 7-இல் 0 போக 7, 8-இல் 2 போக 6. இந்தப் பிள்ளைக்கு 402 என்பது ஒரே எண்ணாகத் தெரியவில்லை, தனித்தனியாக மூன்று இலக்கங்களாகத் தெரிகிறது. இடமதிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

134 என்று வந்தால் கதை வேறு. நடுவில் பூஜ்யம் இருப்பதால், நூறாம் இடத்திலிருந்து நேராக ஒன்றாம் இடத்துக்குக் கடன் வாங்கி, 2-ஐ 12 ஆக்கியிருக்கிறது. பிறகு பத்தாம் இடத்துக்கு இன்னொரு நூறைக் கடன் வாங்கிக் கழித்திருக்கிறது. இரண்டாவது கடன் சரி, முதல் கடனில்தான் தப்பு. எடுத்தது 100, கொடுத்தது 10, நடுவில் 90 காணாமல் போயிற்று. சரியான விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதே 90தான். கடன் வாங்கும் சடங்கு தெரிகிறது, கடன் என்றால் சில்லறை மாற்றுவது என்பது தெரியவில்லை.

226 அல்லது 223 என்று வந்தால் முறை சரி, 12-இல் 8 போனால் எவ்வளவு என்பதுதான் சறுக்கியிருக்கிறது. இதற்குப் புதுப் பாடத்திட்டமே தேவையில்லை. தினம் பத்து நிமிடம் மனக்கணக்கு போதும்.

ஒரே கணக்கில் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகத் தவறலாம், மூவருக்கும் வேண்டிய புத்தகம் வேறு வேறு. இதைச் செய்யாமல் பாடத்திட்டம் வாங்குவது காய்ச்சலா சளியா என்று பார்க்காமல் மருந்து வாங்குவதைப் போலத்தான்.

படி 2: தலைப்புகள் எந்த வரிசையில் வருகின்றன?

பாடத்திட்டங்களை இரண்டு பெரிய வகையாகப் பிரிக்கலாம். ஒரு தலைப்பை எடுத்து, முடித்து, அடுத்ததற்குப் போவது ஒன்று. எல்லாத் தலைப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றிக் கொடுப்பது இன்னொன்று.

முதல் வகைக்குத் தெளிவான உதாரணம் மேத்-யூ-சீ. ஆல்ஃபா நிலையில் ஓரிலக்கக் கூட்டலும் கழித்தலும், பீட்டாவில் பல இலக்கக் கூட்டலும் கழித்தலும், காமாவில் பெருக்கல், டெல்டாவில் வகுத்தல், எப்சிலானில் பின்னம், ஜீட்டாவில் தசமமும் சதவீதமும். சிங்கப்பூரின் பிரைமரி மேதமேடிக்ஸும் ஒரு தலைப்பில் ஊன்றி நிற்பதுதான், ஆனால் ஒரே ஆண்டில் பல தலைப்புகளைத் தொடும். 2-ஆம், 3-ஆம் வாய்ப்பாடுகள் 2ஏ (இரண்டாம் நிலையின் முதல் பாதி) புத்தகத்திலேயே வந்துவிடும்.

ஆகவே பீட்டா முடித்த பிள்ளையை "மூன்றாம் வகுப்பு வயதுதானே" என்று சிங்கப்பூர் 3ஏ-இல் உட்கார வைத்தால், அது பெருக்கலையே பார்த்திராது. ஆனால் 3ஏ புத்தகம் 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகள் தெரியும் என்று எடுத்துக்கொண்டு 6, 7, 8, 9-க்குப் போகும். பிள்ளை மக்கு என்று நினைத்துவிடாதீர்கள், வரிசைதான் பொருந்தவில்லை.

இரண்டாம் வகைக்கு சாக்ஸன். ஓய்வுபெற்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜான் சாக்ஸன் தொடங்கியது. 5/4 போன்ற புத்தகங்களில் ஒவ்வொரு பாடமும் ஒரு சின்னப் புது விஷயத்தைச் சொல்லிவிட்டு, பழைய பாடங்களிலிருந்து கலந்து ஏறக்குறைய 30 கணக்குகள் கொடுக்கும். புது விஷயத்துக்கு அன்று வருவது சில கணக்குகள்தான், மீதிப் பயிற்சி அடுத்த வாரங்களில் சிதறிக் கிடக்கும். "30 ரொம்ப அதிகம், ஒற்றைப்படை எண் உள்ளதை மட்டும் போடு" என்று பல வீடுகளில் சொல்வார்கள். அங்கேதான் இந்த முறை உடைகிறது. ஒரு தலைப்புக்கு அன்றைக்கு இருந்த ஒரே கணக்கு இரட்டைப்படையில் இருந்திருக்கும். அதிகமாகத் தெரிந்தால் ஒரு பாடத்தை இரண்டு நாளுக்குப் பிரியுங்கள், கணக்கை விடாதீர்கள்.

மறந்துபோகும் பிள்ளைக்குச் சுற்றிவரும் முறை கைகொடுக்கும். அடிக்கடி தலைப்பு மாறினால் குழம்பும் பிள்ளைக்கு ஊன்றி நிற்கும் முறை.

இன்னொன்று, புத்தகத்தின் மேல் உள்ள எண்ணை வகுப்பு எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக்ஸன் 5/4 என்றால் சராசரி ஐந்தாம் வகுப்புக்கு அல்லது வேகமான நாலாம் வகுப்புக்கு. பீஸ்ட் அகாடமியின் 3-ஆம் நிலை வழக்கமான மூன்றாம் வகுப்பைவிடக் கடினம்.

படி 3: ஒரே தலைப்பை எல்லாவற்றிலும் திறந்து பாருங்கள்

விளம்பரம், அட்டை, பாராட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கடன் வாங்கிக் கழித்தலை மட்டும் ஒவ்வொரு மாதிரிப் பாடத்திலும் தேடிப் படியுங்கள். மேத்-யூ-சீ கட்டைகளை வைத்துச் செய்யச் சொல்லும். சிங்கப்பூர் முறையில் பொருள், படம், எண் என்று மூன்று கட்டமாகப் போகும். உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்திலிருந்து எடுத்த வரிசை அது. ஜோன் காட்டரின் ரைட்ஸ்டார்ட்டில் ஐந்தைந்தாக இரண்டு நிறம் கொண்ட மணிச்சட்டம்தான் மையம். பயிற்சித்தாளுக்குப் பதிலாகச் சீட்டு விளையாட்டுகள் அதிகம்.

எந்தப் புத்தகமானாலும் பிள்ளையின் கையில் பொருள் வந்த பிறகுதான் கோடு போட்டுக் கழிக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டத்தை நீங்களே சேர்க்கலாம். காகிதத்தில் 100 ரூபாய் 5, 10 ரூபாய் 20, 1 ரூபாய் 20 வெட்டிக்கொள்ளுங்கள். 402 ரூபாயைப் பிள்ளையிடம் கொடுத்து 178 கேளுங்கள். இரண்டு ஒரு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு 8 கொடுக்க முடியாது. பத்தும் கையில் இல்லை. ஒரு நூறை உங்களிடம் கொடுத்துப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒன்றை மறுபடி ஒன்று ஒன்றாக மாற்ற வேண்டும். 90 எங்கே போனது என்று 134 போட்ட பிள்ளைக்கு அப்போது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாவிட்டால் விளையாட்டு தனியாகவும் கணக்கு தனியாகவும் நின்றுவிடும்.

அடுத்து ஒரு வாக்கியக் கணக்கு: கவினிடமும் மீனாவிடமும் சேர்த்து 74 கோலிகள். மீனாவைவிடக் கவினிடம் 18 அதிகம். மீனாவிடம் எத்தனை?

"அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் 74 + 18 என்று கூட்டும் பிள்ளைகள் நிறைய. சிலர் 74-ஐப் பாதியாக்கி, 37-இலிருந்து 18 கழித்து 19 என்பார்கள். சிங்கப்பூரில் 1980-களில் கோ டெக் ஹாங் தலைமையிலான குழு உருவாக்கிய பட்டை வரைபடம் இங்கேதான் உதவுகிறது. மீனாவுக்கு ஒரு பட்டை. கவினுக்கு அதே நீளத்தில் ஒன்று, அதன் நுனியில் 18 என்று ஒரு துண்டு. துண்டை வெட்டினால் மிச்சம் 56, இரண்டு சம பட்டை. மீனாவிடம் 28, கவினிடம் 46. முக்கியச் சொல்லைப் பார்த்துக் கூட்டு, கழி என்று பழக்கும் புத்தகம் எதுவானாலும் தள்ளிவையுங்கள். அது மூன்றாம் வகுப்பு வரை ஓடும், பிறகு ஓடாது.

படி 4: முழுத் தொகுப்பில் என்னென்ன இருக்கிறது, யார் சொல்லித்தருவது?

சிங்கப்பூர் புத்தகம் சரியாக வரவில்லை என்று சொல்லும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது, பெற்றோருக்கான வழிகாட்டி வாங்கினீர்களா என்பது. பாடநூலில் இருப்பது படமும் எண்ணும்தான். பொருளை வைத்துச் செய்யும் கட்டம் வழிகாட்டியில் இருக்கிறது. செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டால் முறையின் முதல் படியே போய்விடும்.

கணக்கு என்றாலே பயம் உள்ள பெற்றோருக்கு, சாக்ஸனின் தொடக்க வகுப்பு நூல்களில் என்ன சொல்ல வேண்டும் என்பதே வரி வரியாக இருக்கும். மேத்-யூ-சீயில் ஸ்டீவ் டெம்மி காணொளியில் விளக்குவார். ஒரு நிலைக்கு 30 பாடம், தேர்ச்சி வந்த பிறகே அடுத்தது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மரியா மில்லரின் மேத் மேமத் வசதி. பிள்ளையிடமே பேசும்படி எழுதியது, பி.டி.எஃப். ஆக வாங்கி அச்சிடலாம், அனுப்பும் செலவு இல்லை. பக்கத்தில் கணக்குகள் நெருக்கமாக இருக்கும், பார்த்தே மிரளும் பிள்ளைக்குப் பாதியைக் காகிதத்தால் மூடிவையுங்கள்.

பீஸ்ட் அகாடமி படக்கதை வடிவில், புதிர் விரும்பும் பிள்ளைக்கு அருமையானது. ஆனால் உரையாடல் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் சரளமாகப் படிக்காத பிள்ளை கணக்கில் அல்ல, வாசிப்பில்தான் தடுக்கி விழும்.

என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் தமிழ்நாடு பாடநூல்களும் இணையத்தில் இலவசம், பின்னது தமிழிலேயே கிடைக்கும். என்.சி.இ.ஆர்.டி.யில் ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு ஜாய்ஃபுல் மேதமேடிக்ஸ், மூன்று முதல் ஐந்து வரை மேத்ஸ் மேளா. சூழலோடு சேர்ந்த செயல்பாடுகள் நன்றாக இருக்கும், எழுதிப் பழகும் கணக்குகள் குறைவு. தினம் பத்துப் பதினைந்து கணக்கு நீங்கள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் இருக்கும், முதல் பிள்ளையோடு தொடங்கும் குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: இந்த இலவச நூல்களை அடிப்படையாக வைத்து, பட்டை வரைபடக் கணக்குகளையும் பத்து நிமிட மனக்கணக்கையும் சேருங்கள். பணம் கொடுத்து வாங்குவது அதற்குப் பிறகு.

படி 5: ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள்

அமெரிக்கப் பதிப்பில் டைம், நிக்கல், குவார்ட்டர் என்ற நாணயங்களும் அங்குலம், அவுன்ஸும் வரும். பணப் பாடத்தை ரூபாயில் நடத்துங்கள். 1,234,567 என்று எழுதியிருப்பதை 12,34,567 என்றும் படிக்கப் பழக்குங்கள். லட்சம், கோடி அந்தப் புத்தகங்களில் இருக்காது. பின்னாளில் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) நடத்தும் திறந்தநிலை அடிப்படைக் கல்வியில் சேர்க்க நினைத்தால் அதன் ஏ நிலை 3-ஆம் வகுப்புக்கும், பி 5-க்கும், சி 8-க்கும் சமம். அந்தந்த நிலையின் பாடப்பட்டியலை எடுத்து, நீங்கள் தேர்ந்த புத்தகத்தில் விடுபட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள்

இரண்டு பாடத்திட்டத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மாதிரிப் பக்கங்களை அச்சிட்டு, 6–7 வயதுக்கு 20 முதல் 30 நிமிடம், 9–10 வயதுக்கு 45 நிமிடம் என்று வாரத்துக்கு ஐந்து நாள். நோட்டில் தினமும் மூன்றே விஷயம்: எத்தனை நிமிடம் ஆயிற்று, நீங்கள் எத்தனை முறை குறுக்கிட்டு விளக்கினீர்கள், பிள்ளை தன் வாயால் சொன்ன விளக்கம் ஒன்று. நான்கு நாள் கழித்து அதே வகைக் கணக்கை வேறு எண்ணோடு கேளுங்கள். அன்றே சரியாக வருவது பெரிதல்ல, நான்கு நாள் கழித்தும் வருகிறதா என்பதுதான் கணக்கு.

எல்லாம் சரியாகவே வந்து, விளக்கம் மட்டும் "அப்படித்தான் போடணும்" என்று நின்றால் புத்தகம் சடங்கைக் கற்றுத்தருகிறது. விளக்கம் நன்றாக இருந்து வேகம் இல்லையென்றால் புத்தகத்தை மாற்ற வேண்டாம், மனக்கணக்கைக் கூட்டுங்கள். அழுகை வந்தால் முதலில் நிலையை ஒன்று இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் புத்தகம் தப்பாக இருக்காது, தொடங்கிய இடம்தான் தப்பாக இருக்கும்.

நடுவில் மாற்ற நேர்ந்தால்

ஆண்டின் நடுவில் மாற்றுவதைத் தவிர்க்க முடியாதபோது, புதுப் புத்தகத்தின் பொருளடக்கத்தை எடுத்து, அதற்கு முந்தைய நிலையின் ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் இரண்டு கணக்கு கொடுங்கள். இரண்டும் சரி என்றால் தாண்டலாம். ஒன்று தவறினால் இரண்டு நாள் அந்தத் தலைப்பு. இரண்டும் தவறினால் முந்தைய நிலைப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை மட்டும் வாங்கியோ இரவல் வாங்கியோ முடித்துவிட்டு வாருங்கள். பின்னம், காலம், அளவை மூன்றும் அதிகமாக விடுபடும் தலைப்புகள், அவற்றுக்கு மட்டும் நான்கு கணக்கு கொடுங்கள்.