பிக்கப்ல லைட்வெயிட் கேம்பர் ஏத்தப் போறீங்களா, முதல்ல எடைக் கணக்கு போடுங்க

பிக்கப் வச்சிருக்கவங்களுக்கு என்னிக்காவது ஒருநாள் இந்த ஆசை வந்துடும். பின்னாடி பெட் (சாமான் ஏத்துற தொட்டி) சும்மாதானே கிடக்கு, அதுமேல ஒரு கேம்பர, அதாவது உள்ள படுத்துத் தூங்கற மாதிரி செஞ்ச கூட்ட ஏத்திட்டா ரோடு முடியற இடத்துல கூட நிம்மதியா படுத்துக்கலாமேன்னு. உடனே எல்லாரும் பண்றது கேம்பர் படமா பார்த்துத் தள்றதுதான். அத கொஞ்சம் ஓரமா வச்சுட்டு டிரைவர் கதவ திறந்து பாருங்க, கதவு வந்து மூடற தூண்ல ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும் (சில வண்டில பானெட்டுக்குள்ள இருக்கும்), வண்டி எல்லாத்தையும் சேர்த்து அதிகபட்சம் எவ்ளோ எடை இருக்கலாம்னு ஒரு நம்பர், முன் ஆக்ஸிலுக்கு ஒண்ணு, பின் ஆக்ஸிலுக்கு ஒண்ணுன்னு போட்டிருப்பாங்க. நீங்க எந்த கேம்பர் வாங்கலாம்னு முடிவு பண்றது இந்த மூணு நம்பர்தான்.

அடுத்து எடை மேடை. பிரோஷர்ல இருக்க பேலோட் நம்பர (வண்டில ஏத்தக்கூடிய எடை) அப்படியே எடுத்துக்காதீங்க, அது பெரும்பாலும் எந்த ஆக்ஸசரியும் மாட்டாத பேஸ் மாடலோட கணக்கு. டேங்க் ஃபுல் பண்ணுங்க, ஏற்கனவே மாட்டின பம்பர், வின்ச் (சிக்கின வண்டிய கயிறு போட்டு இழுக்கற மோட்டார்) எல்லாம் அப்படியே இருக்கட்டும், கூட வர்றவங்களையும் உட்கார வச்சு முழு வண்டியையும் ஒருதடவ எடை போடுங்க. அப்புறம் முன் சக்கரம் ரெண்டு மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் நிக்கிற மாதிரி இன்னொரு சீட்டு வாங்கிக்கோங்க. மொத்த எடை லிமிட்டுக்குள்ள இருந்தாலும் பின் ஆக்ஸில் தாண்டிப் போயிருக்கலாம், கேம்பர் ஏத்தின வண்டிகள்ல பெரும்பாலும் இடிக்கிறது அங்கதான்.

கணக்கு எப்படி கரையுதுன்னு ஒரு உதாரணம் பாருங்க. ஸ்டிக்கர்ல 3050 கிலோ, வெறும் வண்டி டீசலோட 2100 கிலோன்னு வச்சுக்குவோம். 950 கிலோ இருக்கேன்னு சந்தோஷமா இருக்கும். ரெண்டு பேர் 150 கிலோ, ஸ்டீல் பம்பர் வின்ச் 90, ஸ்கிட் பிளேட் (அடிப்பக்கத்த காப்பாத்தற தகடு) பெரிய டயர் எல்லாம் சேர்த்து 50, ரெக்கவரி சாமான் (சிக்கின வண்டிய வெளிய எடுக்கறது) டூல்ஸ் கம்ப்ரஸர் 50, அதுலயே 340 போயாச்சு. தண்ணி 40 லிட்டர்னா 40 கிலோ, ஃப்ரிட்ஜும் உள்ள இருக்கதும் 35, பேட்டரி சோலார் வயர் 30, துணி பாத்திரம் சாப்பாடு சேர் டேபிள் 80, இது ஒரு 185. மிச்சம் 425. அதுல ஒரு நூறு கிலோவ தொடாம விட்டுடுங்க, ஏன்னா போகப் போக சாமான் சேரும், சேராம இருந்ததா சரித்திரமே இல்ல. ஆக கேம்பருக்கு 325 கிலோ. 950ல ஆரம்பிச்சது.

இந்த நம்பர் கையில இருந்தா கடைக்காரர் என்ன சொன்னாலும் குழப்பம் வராது. வெறும் கேனோபி (பெட்ட மூடற கூரை) மாட்டி உள்ள ஒரு மேடை அடிச்சு படுக்கறதுதான் எல்லாத்தையும் விட லைட், கேனோபி மட்டும்னா நூறு கிலோவ ஒட்டி முடிஞ்சுடும், ஆனா உள்ள நிமிர்ந்து உட்காரவே கஷ்டம். அடுத்தது வெட்ஜ், அதாவது கூரை முன்பக்கம் கீல் போட்டு பின்பக்கம் மட்டும் தூக்குற டைப், அலுமினியம் ஃப்ரேம்ல பண்ணது ஒரு 150லேர்ந்து 200 கிலோ வரைக்கும் வரும். பாப்-அப் ஸ்லைட்-இன், அதாவது பெட்டுக்குள்ள அப்படியே தள்ளி வைக்கிற முழு கேம்பர், கூரை நாலு பக்கமும் மேல எழும்பும், உள்ள அடுப்பு பெஞ்ச் எல்லாம் இருக்கும், 400லேர்ந்து 600 கிலோ சாதாரணம். முழு ஹார்ட்-சைட் (சுவர், கூரை எதுவும் மடங்காத) கேம்பர மிட்-சைஸ் பிக்கப்ல ஏத்தறத மறந்துடுங்க, அது பெரிய ஹெவி ட்யூட்டி வண்டிக்கு. ரெண்டு பேர், மிட்-சைஸ் வண்டி, கரடுமுரடான பாதைன்னா நான் கண்ண மூடிட்டு வெட்ஜ்னுதான் சொல்வேன். மாசக்கணக்கா குளிர்லயும் மழையிலயும் சுத்தப் போறவங்களுக்கு மட்டும் பாப்-அப் யோசிக்கலாம். இன்னொண்ணு, கேட்லாக்ல ட்ரை வெயிட்னு போட்டிருப்பாங்க, மெத்தை, ஆனிங் (பக்கவாட்டுல விரிக்கிற நிழல் துணி), பேட்டரி, ஃபேன் எதுவும் பெரும்பாலும் அதுல சேர்ந்திருக்காது. எல்லாம் மாட்டினப்புறம் எவ்ளோன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

எவ்ளோ எடைங்கறது பாதி கதை, எங்க வைக்கிறீங்கங்கறது மீதி. வீல்பேஸ் (ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 3.1 மீட்டர் உள்ள வண்டில பின் ஆக்ஸிலுக்கு 1.3 மீட்டர் பின்னாடி, டெயில்கேட் பக்கமா, 50 கிலோ ஸ்டெப்னியும் கேனும் தொங்க விட்டீங்கன்னா பின் ஆக்ஸில் மேல ஏறுறது 50 இல்ல, கிட்டத்தட்ட 71 கிலோ. கூடுதலா வந்த 21 கிலோ முன் ஆக்ஸில்லேர்ந்து உருவினது, அதாவது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிக்க வேண்டிய முன் டயர் லேசாகுது. அதனால தண்ணி, பேட்டரி, டூல் பாக்ஸ் எல்லாம் பெட்டோட முன்பக்கம், கேபினுக்கு ஒட்டி, முடிஞ்ச அளவு கீழ. கேம்பரோட எடை மையம் பின் ஆக்ஸிலுக்கு நேரா இல்லன்னா கொஞ்சம் முன்னாடி வரணும். டபுள் கேபின் வண்டில பெட் சின்னது, பாதி ஆக்ஸிலுக்குப் பின்னாடியே போயிடும், அதான் அதுல நீளமான கேம்பர் ஏத்தினா பிரச்சனை.

இதுல ஏர்பேக் விஷயம் தனியா சொல்லணும். பின்பக்கம் தொய்யுதுன்னா உடனே லீஃப் ஸ்ப்ரிங்குக்கு (பட்டையா அடுக்கின ஸ்ப்ரிங்) மேல ஏர்பேக், அதாவது காத்துப் பை வச்சு காத்தடிச்சு தூக்கிடறாங்க, பார்க்க வண்டி லெவலா நிக்கும். லீஃப் ஸ்ப்ரிங் எடைய முன் கொக்கி பின் கொக்கின்னு சேஸிஸ்ல ரெண்டு இடத்துல பிரிச்சு கொடுக்கும். ஏர்பேக் நடுவுல ஒரே இடத்துல அழுத்தும். பின்னாடி ஓவர்லோடு தொங்க, நடுவுல பேக் தூக்க, ஒரு பெரிய பள்ளத்துல இறங்கினா சேஸிஸ் அங்கயே வளையும், டபுள் கேபின் வண்டிகள்ல இது நடந்துக்கிட்டுதான் இருக்கு. கேம்பர் எப்பவும் மேலயே இருக்கப் போகுதுன்னா அந்த எடைக்குன்னே செஞ்ச லீஃப் ஸ்ப்ரிங் செட்டும் அதுக்கேத்த ஷாக் அப்ஸார்பரும் போடுங்க. ஸ்ப்ரிங் மாத்திட்டா ஸ்டிக்கர்ல இருக்க லிமிட் ஏறிடும்னு நினைக்க வேண்டாம், அது சட்டப்படி அப்படியேதான் இருக்கும், ஏத்தணும்னா முறையா இன்ஜினியரிங் சர்டிஃபிகேட் வாங்கணும், அதுக்கும் நாட்டுக்கு நாடு ரூல் வேற.

டயர்ல லோட் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், 112ன்னா ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121ன்னா 1450. பின் ஆக்ஸில் சீட்டுல வந்த எடைய ரெண்டால வகுத்துப் பாருங்க, டயர் லிமிட்டுக்கும் அதுக்கும் நல்ல இடைவெளி இருக்கணும். மணல்ல காத்து இறக்கும்போது டயர் தாங்குற எடையும் குறையும், அதனால மெதுவா ஓட்டணும், தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையா காத்து ஏத்தணும். ஹெட்லைட்டையும் ஒருதடவ பாருங்க, பின்பக்கம் தாழ்ந்தா லைட் எதிர்ல வர்றவன் கண்ணுக்கு போகும்.

சரி, மாட்டுறது. பிக்கப்ல கேபின் தனி, பெட் தனி, ரெண்டும் ஒரே சேஸிஸ் மேல தனித்தனியா உட்கார்ந்திருக்கு. மேடு பள்ளத்துல ஒரு பக்க முன் சக்கரமும் எதிர்பக்க பின் சக்கரமும் மேல ஏறும்போது சேஸிஸ் துணிய முறுக்கிப் பிழியற மாதிரி திரும்பும், கேபின் ஒரு பக்கம் சாயும், பெட் இன்னொரு பக்கம் சாயும். கேம்பர் கேபின் கூரை மேல நீட்டிட்டு இருந்தா இடைவெளி வேணும். எவ்ளோ வேணும்னு ஊகிக்காதீங்க, சோதிச்சுப் பாருங்க. பசங்க விளையாடற களிமண்ண உருட்டி கேபின் கூரையோட நாலு மூலையிலயும் இடைவெளிய விட கொஞ்சம் உயரமா வைங்க. அப்புறம் ஒரு பக்க முன் சக்கரத்தயும் எதிர்பக்க பின் சக்கரத்தயும் ஒரே நேரத்துல மேட்டுல மெதுவா ஏத்தி இறக்கிட்டு, இறங்கி வந்து களிமண் எவ்ளோ நசுங்கி இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளங்க. அப்பளமா நசுங்கி கிடந்தா அங்க பெயின்ட் உரியப் போகுது, கேம்பர கொஞ்சம் உயர்த்தணும். கேபினையும் கேம்பரையும் சேர்த்து எங்கயும் இறுக்கமா போல்ட் பண்ணவே கூடாது, உள்ள போய்வர வழி வேணும்னா நடுவுல மடிப்பு ரப்பர் பூட் போடுங்க.

வெட்ஜ் மாதிரி லைட்டானத பெட் ரெயில்ல கிளாம்ப் போட்டு பிடிக்கலாம், போதும். ஸ்லைட்-இன்னா டை-டவுன் (கேம்பர கீழ இழுத்துக் கட்டற) பிராக்கெட் சேஸிஸ்லேர்ந்து வரணும், பெட் தகட்டுல மாட்டினா நாளாக நாளாக தகடு கிழியும். அடியில கெட்டியான ரப்பர் மேட் போட்டா பாதி வழுக்கல் அதுலயே நின்னுடும். பெட்டையே கழட்டிட்டு ட்ரே (தட்டையான மேடை) போட்டு அதுமேல பெட்டி வைக்கிறவங்க மூணு பாயின்ட் மவுன்ட்டோ ஸ்ப்ரிங் மவுன்ட்டோ போடணும், நாலு மூலையும் இறுக்கிட்டா சேஸிஸ் முறுக்குற முறுக்கெல்லாம் பெட்டிக்குள்ள போய் மூலை விட்டுடும்.

சொந்தமா செய்றவங்களுக்கு பிளைவுட்தான் எதிரி. 8க்கு 4 அடி, 12 மி.மீ ஷீட் ஒண்ணே 20 கிலோவ ஒட்டி வரும், 18 மி.மீன்னா 30 தாண்டும், மூணு ஷீட் போட்டு கப்போர்டு அடிச்சா வெட்ஜோட பாதி எடை அங்கயே வந்துடுச்சு. சுவருக்கு ரெண்டு பக்கம் ஃபைபர் கிளாஸ், நடுவுல எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான தெர்மோகோல் மாதிரி) வச்ச சேண்ட்விச் பேனல் போடுங்க, லைட்டு, சூடும் தாங்கும். உள்ள கப்போர்டுக்கு பதிலா அலுமினிய டி-ஸ்லாட் சட்டம் (போல்ட் மாட்ட காடி விட்டது), அதுல துணிப்பை. டிராயர் ஸ்லைடுங்கறது இரும்பு, ஒரு பெரிய டிராயர் செட் 50 கிலோவ சாதாரணமா முழுங்கும், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிய பெல்ட் போட்டு கட்டினா அதே வேலைதான் நடக்குது. அலுமினியத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடும்போது நைலான் வாஷர் வைங்க, ஈரம் பட்டா அலுமினியம் வெள்ளையா பூத்து அரிச்சுடும். ஜன்னல், ஃபேன்னு கூரையில ஓட்டை போடற எல்லா இடத்துலயும் பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் டேப்), வெறும் சிலிக்கான் வேண்டாம், அது ஆட்டத்துல விட்டுடும், அப்புறம் அதுமேல வேற எதுவும் ஒட்டவும் ஒட்டாது.

கரன்ட் விஷயம் சுருக்கமா. 100 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரி கொள்ளளவு) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ சுத்தி இருக்கும், அதே 100 ஏஹெச் ஏஜிஎம் (ஒருவகை லெட்-ஆசிட் பேட்டரி) 30 கிலோ, அதுலயும் பாதிதான் பயன்படுத்தலாம், இங்க காசு செலவு பண்ணா எடையில திரும்பக் கிடைக்கும். லித்தியத்த ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணக் கூடாது, குளிர் ஊருக்கு போறவங்க அத வெளிய வைக்காதீங்க. புது வண்டிகள்ல இருக்க ஸ்மார்ட் ஆல்ட்டர்நேட்டர்லேர்ந்து (வோல்டேஜ தானா ஏத்தி இறக்கற டைனமோ) நேரா ஒழுங்கா சார்ஜ் ஏறாது, வோல்டேஜ சரி பண்ணிக் குடுக்கற டிசி-டிசி சார்ஜர் வேணும். ஃபியூஸ பேட்டரி டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள போடுங்க, பின்னாடி கேம்பர்ல போட்டுட்டு நடுவுல வர்ற வயர் சேஸிஸ்ல உரசினா தீதான்.

காத்தோட்டத்த பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. மூடின பெட்டிக்குள்ள ரெண்டு பேர் மூச்சு விட்டாலே காலைல சுவர் வேர்த்து நிக்கும், உள்ளயே கேஸ் அடுப்பு வச்சு சூடு பண்ணா இன்னும் மோசம், ஒரு கிலோ ப்ரொபேன் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வரும். மேல ஒரு ஃபேன், கீழ ஒரு காத்து வழி. மெத்தைக்கு அடியில பலகைய மூடி அடிக்காம இடைவெளி விட்டு பட்டை அடிங்க, இல்லன்னா பூஞ்சை பிடிக்கும். சமையல் கேஸ் காத்த விட கனம், லீக் ஆனா தரையில தேங்கும், அதனால சிலிண்டர் பெட்டிக்கு அடியில வெளிய போற ஓட்டை கண்டிப்பா இருக்கணும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாம உள்ள எந்த ஹீட்டரும் போடாதீங்க, அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

புழுதிக்கு ஒரு விஷயம். வண்டி ஓடும்போது பின்பக்கம் காத்தழுத்தம் குறையும், டெயில்கேட் இடுக்கு வழியா புழுதிய உள்ள இழுக்கும். டெயில்கேட் சுத்தி ரப்பர் பீடிங் ஒட்டிட்டு, கூரை முன்பக்கம் ஃபில்டர் வச்ச ஒரு காத்து வழி விட்டா உள்ள அழுத்தம் ஏறி புழுதி வர்றது ரொம்பவே குறையும்.

எல்லாம் மாட்டி முடிச்சதும் ஒவ்வொரு நட்டுலயும் நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து குறுக்கா ஒரு பெயின்ட் மார்க்கர் கோடு போட்டுடுங்க. முதல் 100 கிலோமீட்டர் கழிச்சு இறங்கி சுத்திப் பாருங்க, கோடு உடைஞ்சு நிக்கிற நட்டு எல்லாம் லூஸ் ஆகுது, ஸ்பானர எடுத்து எல்லாத்தையும் பரிசோதிக்கிற வேலை இல்ல. டை-டவுன்ல இருக்க டர்ன்பக்கிள் (திருகி இறுக்கற கம்பி) மட்டும் கண்டிப்பா முதல் நாள் இளகும், ரப்பர் மேட் அழுந்தும், அதனால அத இறுக்கிட்டு லாக் நட்டையும் போடுங்க. கரடுமுரடான பாதைல போனா டெய்லி காலைல ஒரு சுத்து, அப்புறம் ஒரு டப்பால நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வச்ச, சுலபமா இளகாத நட்டு), ரெண்டு டை-டவுன் கொக்கி, எல்லா சைஸ்லயும் ஃபியூஸ், கூரைய தூக்கற கேஸ் ஸ்ட்ரட் (காத்தழுத்தத்துல தள்ற தண்டு) ஒண்ணு ஸ்பேரா வச்சுக்கோங்க, ஸ்ட்ரட் போயிட்டா கூரைய முட்டு குடுத்து நிறுத்த ஒரு அலுமினிய குழாயும் சரியான நீளத்துல வெட்டி உள்ள போட்டுடுங்க.