முப்பது தட்டுகளும் முடங்கிய முதலும்: சாக்லேட் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலும் குன்னூரிலும் சாக்லேட் செய்து விற்கிறவர்கள், தொழில் வளர வேண்டும் என்று தோன்றியதும் கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு தட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் 30 தட்டுகள் வரை போனேன். ஒரு சீசன் முடிந்து பில்களை எண்ணிப் பார்த்தபோது, வறுத்த பாதாம், முந்திரி-திராட்சை, கருப்புச் சாக்லேட் என ஏழெட்டு வகைகள்தான் கடையைத் தாங்கியிருந்தன; மற்றவை எல்லாம் என் முதலீட்டை முடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

வகைகள் கூடும்போது வரும் நட்டம் உடனே கண்ணில் படுவதில்லை. விற்காமல் தேங்கும் சாக்லேட்டில் பருப்பின் எண்ணெய் மெல்லக் கசிந்து மேலேறுவதால், மேற்பரப்பில் சாம்பல் பூத்தாற்போல ஒரு வெண்படலம் படர்கிறது. அது பூசணம் அன்று, தின்றால் கெடுதலும் இல்லை. ஆனால் அதை விரலால் தேய்த்துப் பார்க்கிற வாடிக்கையாளரிடம் இந்த விளக்கம் எடுபடாது.

அதே வெண்படலம் கூரியரிலும் வரும். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும் என்பதால், இங்கே கல்லாக இருந்த சரக்கு மே மாத வெயிலில் மதுரைக்குப் போய்ச் சேருவதற்குள் இளகி, இரவில் மறுபடி இறுகி, நிறம் மாறிப்போகிறது. வந்த ஆர்டரை விடக்கூடாது என்ற ஆசையில் அனுப்பிவிட்டுப் பின்னர் பணத்தைத் திருப்பித் தருவதைவிட, மார்ச் முதல் ஜூன் வரை சமவெளிக்கு அனுப்புவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மேல்.

சீசன் கூட்டத்தை நம்பிச் சரக்கு போடுவது இன்னொரு தவறு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் முன்கூட்டியே பெறும் அனுமதி) நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. ஆகவே தலைகளை எண்ணிக் கணக்குப் போடுவதை விட்டு, ஒரு பெட்டிக்குக் கையில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது கடன் சரக்கு. பெரிய ஆர்டர் என்று மயங்கி ஒரு விடுதிக்குக் கொடுத்த சரக்குக்கு நான்கு மாதம் அலைந்தேன். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தை நம்பிக் கடன் கொடுத்தால், சாக்லேட் கிண்டும் நேரத்தில் மனு எழுதிக்கொண்டிருக்க நேரிடும். பாதிப் பணம் முன்னதாக வேண்டும் என்று சொல்லத் தொடங்கியதும் மூன்று விடுதிகள் விலகிக்கொண்டன. நிலைத்தது ஒன்றுதான், அதன் பாக்கி மாதந்தோறும் 5ஆம் தேதிக்குள் வந்துவிடுகிறது.