அந்தப் பல்லன் அசையக் கூடாது: புதிர் ஆட்ட எஞ்சின் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொழிஞ்சாம்பாறையில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வேலந்தாவளத்திலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். பொள்ளாச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சிப்ஸ் சேலஞ்ச் ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு எஞ்சின், அதாவது லெவல் கோப்பைப் படித்து ஆட்டத்தை ஓட்டும் நிரல், எழுதியிருந்தான். பார்க்க அழகாக இருந்தது, வேகமாகவும் ஓடியது. "ஒரிஜினல்ல ஒரு பக் இருந்துச்சுங்ணா. சில மான்ஸ்டர் அசையாம நின்ன இடத்துலயே நிக்கும். அதை நான் சரி பண்ணிட்டேன்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. இதையே, இதே பெருமையோடு, 2009இல் நான் சொல்லியிருக்கிறேன். அதனால் வந்த சேதத்தை இன்னும் முழுசாகச் சரி செய்து முடிக்கவில்லை. அவனிடம் அன்று சொன்னதை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், கோடில் குறிப்பு எழுதுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. சக் சோமர்வில் 1989இல் அட்டாரி லிங்க்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக உருவாக்கியது சிப்ஸ் சேலஞ்ச். 1992இல் மைக்ரோசாஃப்டின் என்டர்டெயின்மென்ட் பேக்கில் விண்டோஸுக்கு வந்தது. கட்டம் கட்டமாக நகர்ந்து, மான்ஸ்டர்களிடம் மாட்டாமல் வெளியேறும் வழியைச் சேர வேண்டிய புதிர் ஆட்டம். 32க்கு 32 கட்டம், 149 லெவல். எங்கள் பக்கம் பிரவுசிங் சென்டர் நிறைய இருந்த காலத்தில், யாரோ ஒரு சிடியில் கொண்டு வந்த லெவல் எடிட்டரை வைத்துக்கொண்டு பையன்கள் சொந்தமாக லெவல் செய்ய ஆரம்பித்தார்கள். பழைய ஆட்டம் புது விண்டோஸில் ஓடாமல் போன பிறகு, அந்த லெவல்களுக்கு உயிர் கொடுப்பது ரசிகர்கள் எழுதும் எஞ்சின்கள்தான்.

பக் என்று நினைத்துத் திருத்துவது

விண்டோஸ் வடிவத்தில் ஒவ்வொரு லெவலோடும் ஒரு மான்ஸ்டர் பட்டியல் கோப்பிலேயே இருக்கும். எந்தக் கட்டத்தில் இருக்கும் மான்ஸ்டர் நகர வேண்டும் என்று இரண்டிரண்டு பைட்டாக, நெடுக்கு எண்ணும் குறுக்கு எண்ணும். பட்டியலில் பெயர் இருந்தால் நகரும். இல்லாவிட்டால் ஆட்டம் முடியும் வரை சிலை மாதிரி அங்கேயே நிற்கும். பட்டியலின் நீளத்தைச் சொல்ல ஒரே ஒரு பைட்தான் என்பதால் 127 ஜோடிக்கு மேல் அதில் இடமில்லை. முதல் முறை பார்க்கிற யாருக்கும் இது குறையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எனக்கு சித்தூரில் ஒரு நண்பர். சித்தூர் என்றால் ஆந்திராவில் இருப்பதல்ல, எங்கள் பாலக்காட்டு சித்தூர். 2005 வாக்கில் அவர் அறுபது லெவலுக்கு மேல் செய்து வைத்திருந்தார். கணக்கு நோட்டில் பென்சிலால் கட்டம் வரைந்து, ரப்பரால் அழித்து அழித்துத் திருத்தி, பிறகு சென்டருக்குப் போய் எடிட்டரில் ஏற்றுவார். அதில் ஒரு லெவலை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

பன்னிரண்டு கட்டம் நீளமுள்ள ஒரு சந்து. எட்டாவது கட்டத்தில் ஒரு டீத், அதாவது நாங்கள் பல்லன் என்று கூப்பிடும், ஆளைத் துரத்துகிற மான்ஸ்டர். அதைப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டிருந்தார். அதற்கு இந்தப் பக்கம் ஏழு கட்டத்துக்குள் ஒரு பந்து போய்ப் போய்த் திரும்பும். ஏழாவது கட்டத்தில் பச்சைப் பொத்தான்; அது அமுங்கும்போதெல்லாம் கதவாக இருக்கும் சுவர்களில் மூடியது திறக்கும், திறந்தது மூடும். நொடிக்கு ஐந்து கட்டம் போகிற பந்து, ஒருமுறை போய்வரப் பன்னிரண்டு நகர்வு, ஆக 2.4 நொடிக்கு ஒருமுறை பொத்தான் அமுங்கும், சுவர் மாறும். ஆடுபவர் அந்தத் தாளத்தைக் காதில் பிடித்துக்கொண்டு நான்கு கதவைத் தாண்ட வேண்டும். அசையாத பல்லன் அங்கே பந்துக்குச் சுவர். வெறும் சுவரையே வைத்திருக்கலாமே என்றால், பல்லனைப் பார்த்ததும் ஆடுபவர் பயந்து வேறு வழி தேட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். புதிரே அதுதான்.

நான் எல்லா மான்ஸ்டரையும் நகர வைத்தேன். பல்லன் எழுந்து ஆளைத் துரத்தப் போய்விட்டது. பந்து பன்னிரண்டாவது கட்டம் வரை போய்த் திரும்பியது. பொத்தான் 2 நொடிக்கு ஒருமுறை, பிறகு 2.4 நொடிக்கு ஒருமுறை என்று மாறி மாறி அமுங்கியது. மூன்றாவது கதவைத் தாண்டவே முடியாது.

எஞ்சின் நின்றுபோகவில்லை, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இதுதான் இந்தத் தவறின் ஆபத்து. லெவல் திறக்கும், ஆடும், தோற்கடிக்கும். ஆடிய பையன்கள் என் எஞ்சினைச் சந்தேகப்படவில்லை. லெவல் செய்தவரைத்தான் திட்டினார்கள். முடிக்கவே முடியாத லெவலைச் செய்து வைத்திருக்கிறார் என்று இரண்டு வருஷம் பேச்சு ஓடியது. அவர் அதற்குள் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். யாரோ போனில் இதைச் சொல்ல, என்னைக் கூப்பிட்டார். "நான் பத்து தடவை ஆடிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் லெவல் செய்யவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அந்த இரண்டு வருஷத்தில் சின்னப் பையன்கள் என் எஞ்சினோடு வந்த எடிட்டரில் புது லெவல்கள் செய்திருந்தார்கள். எல்லாம் தானாக நகர்கிறதே என்று, என் எடிட்டர் மான்ஸ்டர் பட்டியலையே எழுதாமல் விட்டிருந்தது. பழைய விதிக்குத் திரும்பியதும் அவர்கள் செய்த லெவல் அத்தனையிலும் மான்ஸ்டர்கள் உறைந்து நின்றன. ஒரு பக்கத்தைக் காப்பாற்றினால் இன்னொரு பக்கம் செத்துப் போகிறது.

அப்போதும் குறுக்கு வழிதான் தேடினேன். பட்டியல் காலியாக இருந்தால் அது புது லெவல் என்று எஞ்சினே ஊகிக்கட்டும் என்று வைத்தேன். நண்பரின் லெவல்களில் ஒன்று மியூசியம்: ஆறு அறை, அறை நிறைய மான்ஸ்டர், ஒன்றுகூட அசையாது. பட்டியல் காலி. ஊகம் அங்கே போய் முட்டியது.

கடைசியில் செய்ததைத்தான் நீங்கள் முதல் நாளே செய்ய வேண்டும். உங்கள் எஞ்சினின் நடத்தைக்கு ஒரு விதி எண் கொடுங்கள். விதி 1 என்று ஒன்றை வெளியிட்டுவிட்டால் அதைத் தொடாதீர்கள். தப்பென்று தெரிந்தாலும் தொடாதீர்கள். மாற்ற வேண்டுமா, விதி 2 என்று புதிதாகச் சேருங்கள். உங்கள் எடிட்டர் சேவ் செய்யும் ஒவ்வொரு லெவலிலும் அந்த எண் போக வேண்டும். எண் இல்லாமல் வரும் கோப்புக்கு இருப்பதிலேயே பழைய விதியைப் போடுங்கள், புதியதை அல்ல. இந்த இடத்தில்தான் அநேகம் பேர் சறுக்குகிறார்கள். புது லெவலில் கோளாறு வந்தால் செய்தவன் பக்கத்திலேயே இருப்பான், திருத்திக்கொள்வான். பழைய லெவல் செய்தவர் எங்கே இருக்கிறார், ஆட்டத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கிறாரா, யாருக்குத் தெரியும்?

எண் போட இடமில்லாத பழைய கோப்புகளுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். லெவலின் செக்சம் (அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்), அதற்கு எதிரே விதி எண். மியூசியம் லெவல் அதில் முதல் வரியில் இருக்கிறது.

இரண்டு விதிகளை ஒன்றாகக் குழைப்பது

லிங்க்ஸ் வடிவமும் விண்டோஸ் வடிவமும் ஒரே ஆட்டம் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே வேறு வேறு. லிங்க்ஸில் மான்ஸ்டர் பட்டியலுக்கு வேலையே இல்லை, எல்லாம் நகரும். அதில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஊர்ந்து போகும். விண்டோஸில் ஒரே தாவல். பிரையன் ரைட்டர் எழுதிய டைல் வேர்ல்ட் எஞ்சின் இரண்டையும் ஓட்டும். அதில் இரண்டு விதிக்கும் தனித்தனி நிரல் கோப்பு. நிறைய வரிகள் இரண்டிலும் ஒன்று போலவே இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை அரிக்கும், ஒன்றாக்கி நடுவில் நாற்பது நிபந்தனை போடத் தோன்றும். போடாதீர்கள். ஒரு விதியைத் தொட்டால் இன்னொன்று உடையாது என்ற உறுதி, மிச்சமாகும் வரிகளைவிடப் பெரியது.

2002இல் வந்த சிசிஎல்பி 2 என்ற ரசிகர் லெவல் தொகுப்பு விண்டோஸ் விதிக்காகவே செய்தது. அதில் சில லெவல்களை லிங்க்ஸ் விதியில் முடிக்கவே முடியாது. அடுத்து வந்த தொகுப்புகளில் இரண்டு விதியிலும் முடிக்க முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு தொகுப்பைத் திறக்கும்போது எந்த விதிக்குச் செய்தது என்று பாருங்கள். நடுவாந்தரமாக மூன்றாவது விதி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

மொழி தரும் ரேண்டத்தை நம்புவது

பிளாப் என்ற பச்சைக் குழம்பு குருட்டாம்போக்கில் நகரும். பதிவு செய்த தீர்வை, அதாவது ஜெயித்த ஆட்டத்தின் நகர்வுகளை, மறுபடி ஓட்டினால் அது அதே பாதையில் போக வேண்டும், இல்லாவிட்டால் தீர்வு பாதியிலேயே செத்துவிடும். குருட்டாம்போக்கு எண் தரும் ஜாவாஸ்கிரிப்ட்டின் மேத்.ரேண்டம், அதே வரிசையை மறுபடி வரவைக்கும் தொடக்க எண்ணையே வாங்கிக்கொள்ளாது. மற்ற மொழிகளில் வாங்கிக்கொண்டாலும், அடுத்த பதிப்பில் உள்ளே இருக்கும் கணக்கை மாற்றமாட்டார்கள் என்று என்ன உத்தரவாதம்? பெருக்கி, கூட்டி, மிச்சத்தை எடுக்கிற கணக்கை நீங்களே மூன்று வரியில் எழுதுங்கள். தொடக்க எண்ணைத் தீர்வோடு சேர்த்து சேவ் செய்யுங்கள். டைல் வேர்ல்ட் அப்படித்தான் செய்கிறது.

பல்லனும் பிளாப்பும் மற்றவற்றின் பாதி வேகத்தில் நகர்பவை. அதனால் ஆட்டம் ஒற்றைப்படைத் துடிப்பில் (ஆட்டத்தின் கடிகாரம் ஒருமுறை நகர்வது ஒரு துடிப்பு) தொடங்கியதா, இரட்டைப்படையிலா என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். இதை விட்டவர்கள்தான் அதிகம்.

திரை வேகத்தோடு ஆட்டத்தைக் கட்டுவது

வேண்டாம். ஆட்டத்தின் துடிப்பு தனி, திரை வரைவது தனி.

தலைப்புகளை யூனிகோடுக்கு மாற்றி எழுதுவது

இது எங்களைப் போன்ற தமிழக-கேரள எல்லைப்புறத்துக்காரர்களுக்கு. எங்கள் பழைய லெவல்களில் தலைப்பு சிலதில் பாமினி எழுத்துரு, சிலதில் திஸ்கி, மலையாளத்துப் பையன்கள் செய்ததில் கார்த்திகா. வந்திருக்கும் பைட்டை மட்டும் பார்த்து எது எந்த எழுத்துரு என்று சொல்ல முடியாது. எல்லாம் தமிழ்தானே என்று ஒரே மாற்றியில் போட்டு எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். மலையாளத் தலைப்புகள் எந்த மொழியும் இல்லாமல் போயின. மூலக் கோப்பு இல்லாததால் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

இடமும் போதாது. விண்டோஸ் வடிவத்தில் தலைப்புக்கு 64 பைட், அதில் ஒன்று முடிவுக்குறிக்குப் போய்விடும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். அதாவது 21 குறியீடு, மெய்யும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணி. "தாமரைக்குளம்" என்ற ஒரு சொல்லே 36 பைட். எல்லையைத் தாண்டினால் சில எஞ்சின்கள் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். பைட்டை அப்படியே விட்டுவிட்டு, படிக்கிற தலைப்பைப் பக்கத்தில் வேறு கோப்பில் வையுங்கள்.

பழைய கோப்பின் மேலேயே சேவ் செய்வது

ஒருபோதும் கூடாது.

சோகோபான் எழுதுபவர்களுக்கு

பெட்டி தள்ளும் புதிர் ஆட்டமான சோகோபானில் லெவலே எழுத்துக்குறிகள்தான்: # சுவர், $ பெட்டி, @ ஆள், வெற்றிடம் தரை. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பினால் வரியின் முன்னால் இருக்கும் வெற்றிடங்கள் காணாமல் போகலாம், சுவர் இடப்பக்கம் சாய்ந்துவிடும். தரைக்கு - அல்லது _ போட்டு வரும் கோப்புகளையும் உங்கள் எஞ்சின் படிக்க வேண்டும்.

ஒரு லெவலை ஆடிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு, கையில் இருக்கும் எல்லாத் தீர்வுகளையும் திரை வரையாமல் ஓட்டுங்கள். என் கடையில் இருக்கும் பழைய மெஷினிலேயே டீ வாங்கி வருவதற்குள் முடிந்துவிடும். தீர்வு தோற்றால் எந்த இடத்தில் தோற்றது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு துடிப்பிலும் ஆட்டத்தின் முழு நிலைக்கும் ஒரு செக்சம் எடுத்து, பழைய பதிப்பின் செக்சத்தோடு ஒப்பிடுங்கள். முதலில் மாறும் துடிப்பில்தான் குற்றவாளி இருக்கும்.

தீர்வு ஜெயித்துவிட்டால் லெவல் பத்திரம் என்றும் முடிவு கட்டாதீர்கள். தீர்வு ஒரு பாதையை மட்டும்தான் நடந்து பார்க்கிறது. உங்கள் மாற்றம் வேறு எங்கோ ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கலாம், புதிரே இல்லாமல் நேராகப் போய் முடிக்க வழி பிறந்திருக்கலாம். அதைப் பிடிக்க, முன்பு தோற்ற ஆட்டங்களையும் சேர்த்து வைக்கிறேன். தோற்க வேண்டிய ஆட்டம் தோற்கவே வேண்டும்.

வேலந்தாவளத்துப் பையன் அன்று மாலை வரை கடையிலேயே இருந்தான். நடுவில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் தொடர்ந்தோம். விதி எண்ணைச் சேர்த்து, நண்பரின் கோப்பைத் திறந்தபோது பல்லன் எட்டாவது கட்டத்தில் நின்றது, பந்து ஏழாவதில் முட்டித் திரும்பியது. அறுபத்து மூன்று லெவலில் மூன்றில் மட்டும் அவன் எஞ்சின் இன்னும் என் எஞ்சினோடு ஒத்துப் போகவில்லை. மூன்றும் பனிக்கட்டித் தரையில் பெட்டி சறுக்கும் இடத்தில்தான் பிரிகின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.