பூ விலைப் பட்டியலுக்கு நிறமூட்டுதல்: பாண்டாஸ் ஸ்டைலர், தொடக்கநிலையினருக்கு

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை, பிச்சி, முல்லை, சம்பங்கி ஆகியவற்றின் கிலோ விலையை நாள்தோறும் குறித்து வரும் ஒருவர், அதை வலைப்பக்கமாக வெளியிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் ஏறிய விலை பார்த்தவுடன் கண்ணில் பட வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்திலுள்ள ஸ்டைலர், அதாவது அட்டவணையின் தோற்றத்தை அமைக்கும் கருவி, இதற்கு உதவும். ஸ்டைலர் இயங்கத் தேவையான ஜின்ஜா2 நூலகத்தையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

முதலில், தேதிகளை வரிசைகளாகவும் பூக்களை நெடுவரிசைகளாகவும் அமைத்து, விலைகளை வெறும் எண்களாக மட்டுமே டேட்டாஃபிரேமில் (பாண்டாஸின் அட்டவணையில்) இடுங்கள். ரூபாய்க் குறியைச் சேர்த்து எழுதினால் விலை எண்ணாக இல்லாமல் எழுத்துத்தொடராகிவிடும். பிறகு எது பெரியது என்று நிரலால் சரியாக ஒப்பிட இயலாது. தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். குறியைக் கடைசியில் ஸ்டைலரின் ஃபார்மட் கொண்டு சேர்க்கலாம். அது காட்சியை மட்டுமே மாற்றும், தரவைத் தொடாது.

அடுத்து, ஒரு விலையைப் பெற்று, அது 1000 ரூபாய்க்கு மேல் இருந்தால் மஞ்சள் பின்னணிக்கான சிஎஸ்எஸ் (வலைப்பக்கத் தோற்றத்தை விவரிக்கும் மொழி) வரியையும், இல்லையெனில் வெற்றுத் தொடரையும் திருப்பித் தரும் சிறு செயற்கூறை எழுதி, அதை ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியே இயக்கும் ஸ்டைலரின் மேப்பிடம் கொடுங்கள். 2023இல் வெளியான 2.1 பதிப்புக்கு முன் இதன் பெயர் அப்ளைமேப். பழைய விளக்கங்களில் அப்பெயரையே காண்பீர்கள்.

ஆனால் எல்லாப் பூக்களுக்கும் ஒரே எல்லை வைப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து. மல்லிகைக்கு வழக்கமான விலை, சம்பங்கிக்கு எட்டாத உயரமாக இருக்கலாம். எனவே மேப்பின் சப்செட் என்ற அளவுரு மூலம் மல்லிகை நெடுவரிசையை மட்டும் குறிப்பிடுங்கள், அல்லது அப்ளையைப் பயன்படுத்துங்கள். அதன் ஆக்சிஸ் (திசையைக் குறிக்கும் அளவுரு) 0 எனில் அப்ளை ஒவ்வொரு நெடுவரிசையையும், 1 எனில் ஒவ்வொரு வரிசையையும் முழுதாகச் செயற்கூறிடம் தரும். செயற்கூறு, பெற்ற செல்களின் எண்ணிக்கைக்குச் சரியாகச் சிஎஸ்எஸ் பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். உச்ச விலை மட்டும் போதுமென்றால் ஹைலைட்_மேக்ஸ் ஆயத்தமாகவே உள்ளது. அடர்நிறப் பின்னணியைத் தேர்ந்தால் எழுத்தின் நிறத்தையும் வெளிராக்குங்கள்.

இறுதியாக டு_ஹெச்டிஎம்எல் கொண்டு கோப்பாகச் சேமியுங்கள். வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அது அட்டவணைப் பகுதியை மட்டுமே தரும்; எழுத்துக் குறியீட்டு அறிவிப்பு இல்லாததால், உலாவியில் தமிழ்ப் பூப்பெயர்கள் சிதைந்து தெரியக்கூடும். அதன் டாக்டைப்_ஹெச்டிஎம்எல் என்ற அளவுருவுக்கு ட்ரூ என்று கொடுத்தால், தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டின் அறிவிப்புடன் முழுப் பக்கமும் கிடைக்கும்.