நரம்பு மூலச் செல் வளர்ப்பு: வளர்ச்சிக் காரணியில் சறுக்கும் இடங்கள்

கிருமி புகாத வேலைப் பெட்டியான ஹூடைத் துடைப்பது, கையுறை மாற்றுவது எல்லாம் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை விடுவோம். மூலச் செல்கள் நரம்பணுவாக மாறவில்லை என்றால் புதியவர்கள் உடனே பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி (செல்லைப் பெருக்கவோ முதிர வைக்கவோ சேர்க்கும் புரதம்) மேல் பழி போடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, பெருக்கும் கட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

எஃப்.ஜி.எஃப்.-2ஐக் கரைத்து வைக்கும் லட்சணம்

மில்லிக்கு 20 நானோகிராம் இ.ஜி.எஃப்., அதே அளவு எஃப்.ஜி.எஃப்.-2: இந்த இரண்டு வளர்ச்சிக் காரணிகளும் இருக்கும்வரை செல்கள் மூலச் செல்லாகவே பெருகும். இதில் இரண்டாவது நோஞ்சான். 37 டிகிரியில் ஒரு நாளைக்குள் பெருமளவு வீரியம் போய்விடும். வெள்ளி மாலை மீடியா (செல் வளரும் ஊட்டக் கரைசல்) மாற்றிவிட்டுத் திங்கள் காலை வந்து பார்த்தால், மிதக்க வேண்டிய செல் உருண்டைகள் அடியில் ஒட்டி, ஓரத்தில் தட்டையான செல்கள் படர்ந்திருக்கும்.

இது போதாதென்று, காரணிப் பொடி அடைத்த சிறு குப்பி (வயல்) வந்த அன்றே பாதியைக் கொன்றுவிடுகிறார்கள். மே மாதச் சென்னைக் காற்றில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மையவிலக்கியில் சுழற்றாமல் திறந்தால் மூடியில் ஒட்டிய பொடி குப்பைக்குப் போகும். வெறும் தண்ணீரில் கரைத்தால் புரதம் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் வைத்து வாராவாரம் உருக்கி உறைய வைப்பதை என்ன சொல்ல! அதுவும் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி ஐஸ் பிடிக்காத ஃப்ரீசரில். ஐஸைக் கரைக்க அது தானே அவ்வப்போது சூடேறும்.

50 மைக்ரோகிராம் வயல் என்றால், மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். ஒரு சுற்றுச் சுழற்றுங்கள். 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ. (காரணி சுவரில் ஒட்டாமல் காக்கும் புரதம்) கலந்த 5 மில்லிமோலார் டிரிஸ் தாங்கல் கரைசல் (பி.எச். 7.6) 500 மைக்ரோலிட்டர் விட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள், வோர்டெக்ஸ் கருவியில் வைத்துக் குலுக்கக் கூடாது. பத்துப் பத்து மைக்ரோலிட்டராக, புரதம் ஒட்டாத 50 குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் போடுங்கள். ஒரு குழாய், 50 மில்லி மீடியா: கணக்கு சரியாக மில்லிக்கு 20 நானோகிராம். மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மீடியாவை முதலில் வடிகட்டுங்கள், காரணியைப் பிறகு சேருங்கள். வடிதாளும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஹெப்பாரின் சேர்த்தால் எஃப்.ஜி.எஃப்.-2 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஒட்டி வளரும் செல்களுக்குத் தினமும் புதிதாகக் கொடுப்பதே நல்லது.

பழைய மீடியாவின் மிச்சம்

மூலச் செல்லை நரம்பணு போன்ற வேறு செல்லாக மாற்றும்போது (வேறுபடுத்தும்போது) இ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-2 இரண்டும் போக வேண்டும். மேலாக உறிஞ்சிவிட்டுப் புது மீடியா ஊற்றினால் போகாது. காரணி கலக்காத மீடியாவில் இரண்டு முறை அலசுங்கள்.

சீரம்

ரத்தத்தின் தெளிநீரான சீரம் வேண்டாம். செல்களைப் பிரிக்கும் நொதியான ட்ரிப்சினை நிறுத்தக்கூட வேண்டாம். மூளையின் துணைச் செல்லான ஆஸ்ட்ரோசைட் பக்கம் தள்ளிவிடும்.

பி.டி.என்.எஃப்.பை அள்ளிக் கொட்டுவது

மாறிய நரம்பணுவைப் பிழைக்க வைப்பதும் முதிர வைப்பதும்தான் அதன் முக்கிய வேலை. மில்லிக்கு 20 நானோகிராமில் நடக்காதது நூறிலும் நடக்காது.

பி.டி.ஜி.எஃப்.பையும் டி3யையும் கடைசிவரை சேர்த்து வைப்பது

பி.டி.ஜி.எஃப்.-ஏ.ஏ. என்ற காரணி ஆலிகோ (நரம்பிழைக்கு உறை போடும் ஆலிகோடென்ட்ரோசைட்) முன்னோடிச் செல்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால்தான் தைராய்டு ஹார்மோனான டி3 அவற்றை முதிர வைக்க முடியும்.

ஜி.எஃப்.ஏ.பி. மட்டும் பார்ப்பது

ஜி.எஃப்.ஏ.பி.யை ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளப் புரதமாகப் பார்ப்பார்கள். ஆனால் வளர்ந்த மூளையின் மூலச் செல்லிலும் அது தெரியும். நெஸ்டின், சாக்ஸ்2 (மூலச் செல்லின் அடையாளங்கள்), பீட்டா-3 டியூபுலின் (நரம்பணுவின் அடையாளம்) சேர்த்துச் சாயமிடுங்கள். காரணியை எடுப்பதற்கு முன், பூஜ்ஜிய நாள் டிஷ் ஒன்றையும் ஃபிக்ஸ் செய்து (செல்களை அப்படியே நிலைநிறுத்தி) வையுங்கள். அதிலேயே டியூபுலின் நிறையத் தெரிந்தால், செல்கள் முன்பே மாறத் தொடங்கிவிட்டன; உங்கள் எஃப்.ஜி.எஃப்.-2 எப்போதோ செத்திருக்கலாம்.