மைக் முன்னாடி கலாய்க்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ரெண்டு பேர் மைக் முன்னாடி உக்காந்து நேத்து மேட்ச்ல நம்ம டீம் ஏன் தோத்துச்சுன்னு மணிக்கணக்கா கத்திட்டு இருப்பாங்க, நடுவுல போன் போட்ட ஒருத்தர் கோச்சை இன்னைக்கே தூக்குங்கம்பாரு, அப்புறம் அம்பயர் வேலைக்கு மெஷின் வந்துடுச்சு இனிமே கேம் அவ்ளோதான்னு ஒரு புலம்பல், அந்த சூட்டுலயே ஏதாவது ஒரு பிளேயரோட நிறத்தையோ ஊரையோ பேசற விதத்தையோ வெச்சு ஒரு ஜோக், எல்லாரும் சிரிச்சுட்டு விளம்பரத்துக்கு போயிடுவாங்க. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் டாக் ரேடியோன்னா இதுதான். 1987 ஜூலை 1ஆம் தேதி நியூயார்க்ல டபிள்யூஎஃப்ஏஎன், 24 மணி நேரமும் ஸ்போர்ட்ஸ் மட்டும்தான்னு ஆரம்பிச்சுது, அது ஊருக்கு ஊர் பரவி இப்ப பாட்காஸ்ட், யூட்யூப் லைவ்னு எங்க பாத்தாலும் அதே ஃபார்மட்தான், ஐபிஎல் சீசன்ல நம்ம பசங்க நடத்துற லைவ் கூட அந்த அச்சுதான். எனக்கு இந்த மாதிரி பேச்சு ரொம்பப் பிடிக்கும், அது கெட்டுப் போகக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன். லைவ் பண்றவங்க, பண்ணலாம்னு யோசிக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல் தப்பு, நிறத்தையும் ஊரையும் வெச்சு வர்ற இந்த ஜோக்கெல்லாம் வாய் தவறி வருதுன்னு நினைக்கறது. தினம் நாலு மணி நேரம் பேசணும், பேச விஷயம் தீந்துடும், அப்ப கைக்கு ஈஸியா கிடைக்கறது மட்டமான ஜோக். 2003 செப்டம்பர்ல பாஸ்டன் ஃப்ராங்க்ளின் பார்க் ஜூல இருந்து ஒரு கொரில்லா தப்பிச்சு வெளிய வந்துடுச்சு, ஒரு ரெண்டு வயசுக் குழந்தைக்கும் ஒரு டீனேஜ் பொண்ணுக்கும் அடி. அந்த ஊர் ஸ்போர்ட்ஸ் ஸ்டேஷன் டபிள்யூஇஇஐல காலை ஷோ பண்ற ரெண்டு பேர் இதை எடுத்துக்கிட்டு, அது பஸ்ஸுக்கு காத்துட்டு இருக்கற மெட்கோ கொரில்லாவா இருக்கும்னு பேசினாங்க. மெட்கோன்னா 1966ல இருந்து நடக்கற ஒரு திட்டம், பாஸ்டன் சிட்டிக்குள்ள இருக்கற பிள்ளைங்களை, அதுல பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைங்களை, சுத்தி இருக்கற வசதியான ஊர் ஸ்கூல்களுக்கு பஸ்ல கூட்டிட்டு போறது. அதாவது காலைல இருட்டோட எந்திரிச்சு பை மாட்டிட்டு பஸ் ஸ்டாப்ல நிக்கற பள்ளிக்கூடப் பிள்ளைங்களை மிருகம்னு சொல்லி சிரிச்சிருக்காங்க. ரெண்டு பேரையும் ரெண்டு வாரம் சஸ்பெண்ட் பண்ணாங்க. இதுல ஸ்போர்ட்ஸ் எங்க இருக்கு, ஒரு துளி கூட இல்ல. கேமைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்லாத நேரத்துலதான் இந்தப் பேச்சு உள்ள வருது, அதனால ஷோவுக்கு முன்னாடி உக்காந்து விஷயம் சேத்து வைங்க, ஸ்கோர்கார்டைப் படிங்க, பழைய மேட்சைத் திருப்பிப் பாருங்க. அப்படியும் சரக்கு தீந்துட்டா ஷோவை அரை மணி நேரம் முன்னாடியே முடிச்சுக்கங்க, ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.

அடுத்தது இன்னும் பெரிய குழி, ஏன்னா இது திட்டு மாதிரியே இருக்காது, பாராட்டு மாதிரி இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பால்ல குவாட்டர்பேக்தான் மூளை, எல்லா ஆட்டத்தையும் நடத்தறவரு அவருதான். ரொம்ப காலமா கறுப்பின வீரர் நல்லா ஓடுவாரு, பலசாலி, பிறவியிலயே அப்படி, ஆனா யோசிச்சு ஆடறது கஷ்டம்னு ஒரு எண்ணம் ரேடியோல மட்டும் இல்ல, டீம் ஆபீஸ்லயும் ஊறிக் கிடந்துச்சு. வாரன் மூன்ங்கற கறுப்பின குவாட்டர்பேக்கை 1978 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வருஷா வருஷம் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கறப்ப, ஒரு டீமும் எடுக்கல, மனுஷன் கனடா போய் எட்மன்டன் டீமுக்கு அந்த ஊர் லீக் கோப்பையான கிரே கப்பை வரிசையா அஞ்சு தடவை ஜெயிச்சுக் கொடுத்துட்டு திரும்பி வந்து 2006ல ஹால் ஆஃப் ஃபேம் போனாரு. 2003ல ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா இஎஸ்பிஎன் ஷோல உக்காந்து, குவாட்டர்பேக் டோனவன் மெக்நாப் அவ்ளோ பெரிய ஆள் கிடையாது, கறுப்பின குவாட்டர்பேக் நல்லா வரணும்னு மீடியா ஆசைப்படுது, அதான் இவ்ளோ புகழ்றாங்கங்கற மாதிரி பேசி, ஒரு வாரத்துக்குள்ள வேலையை விட்டுப் போக வேண்டியதாச்சு.

2019ல நடந்ததை மட்டும் கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம். பால்டிமோர் ரேவன்ஸ் குவாட்டர்பேக் லாமர் ஜாக்சன் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு எதிரா 101 யார்டு ஓடி 20-17ன்னு ஜெயிக்க வெச்சாரு. அவரோட மெயின் ஆட்டம் என்னன்னா, பந்தை வாங்கிட்டு ஓடறதுக்குன்னே பக்கத்துல வர்ற ரன்னிங் பேக்ங்கற ஆட்டக்காரர் வயித்துல கொண்டு போய் வெப்பாரு, ஆனா கையை எடுக்க மாட்டாரு, கண்ணு மட்டும் எதிர் டீம் ஓரத்துல நிக்கற டிஃபெண்டர் மேல இருக்கும், அவன் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாஞ்சா பந்தை உருவிட்டு இவரே ஓடிடுவாரு, பாயாம நின்னா பந்தை விட்டுடுவாரு. இந்த முடிவை எடுக்க ஒரு செகண்ட் கூட கிடையாது, எத்தனை ஆயிரம் தடவை பிராக்டிஸ் பண்ணியிருக்கணும். ஆனா சான் ஃப்ரான்சிஸ்கோ டீமோட ரேடியோ அனலிஸ்ட் டிம் ரயன் மறுநாள் ரேடியோல வந்து, அவரோட கறுப்பு நிறம், பந்தும் கறுப்பா இருக்கு, ஜெர்சியும் கறுப்பு, அதான் பந்து எங்க இருக்குன்னே தெரியலன்னாரு. ஒரு மேட்ச் சஸ்பென்ஷன். அவரே என்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்ல ஆடின முன்னாள் வீரர், அந்த ஆட்டத்தை ஒவ்வொரு ஸ்டெப்பா விளக்கத் தெரிஞ்சவரு, அதை விட்டுட்டு தோல் நிறத்துக்கு போனதுதான் எனக்கு ஆத்திரமா வருது. ஜாக்சன் அந்த சீசன்ல ஒரு ஓட்டு கூட விடாம வாங்கி எம்விபி, அதாவது சீசனோட சிறந்த வீரர் ஆனாரு, 2023 சீசன்லயும் அந்த விருதை வாங்கினாரு.

இது அமெரிக்கால மட்டும் இல்ல. 2020ல டென்மார்க்ல இருக்கற ரன்ரிபீட்ங்கற கம்பெனி, இங்கிலாந்து ஃபுட்பால் வீரர்கள் சங்கத்தோட சேந்து ஐரோப்பிய லீக் மேட்ச் 80ல கமென்டேட்டருங்க பேசினதை எடுத்து அலசினாங்க, புத்திசாலித்தனம், உழைப்புன்னு பாராட்டினதுல பெரும்பங்கு வெளுத்த நிற வீரர்களுக்கும், பலம், வேகம்னு பேசினது கறுத்த நிற வீரர்களுக்கும்தான் போயிருந்துச்சு. நம்ம பக்கம் வெஸ்ட் இண்டீஸ் பவுலரைப் பத்தி பேசறப்ப என்ன வார்த்தை வருதுன்னு உங்க பழைய லைவ் ஒண்ணை ஓடவிட்டுக் கேளுங்க. காட்டு வேகம், முரட்டு பலம்னு வர்ற இடத்துல அவரு லென்த்தை எப்படி மாத்தினாரு, ஃபீல்டை எப்படி நிறுத்தினாருன்னு சொல்லிப் பாருங்க, ஷோவே தரமா மாறிடும்.

ஆக்சென்ட் போட்டுக் காட்டறது இன்னொண்ணு. 2018ல அதே பாஸ்டன் ஸ்டேஷன்ல ஃபுட்பால் ஸ்டார் டாம் பிரேடியோட ஏஜென்ட் டான் யீ மாதிரி பேசறேன்னு ஒருத்தர் உடைஞ்ச இங்கிலீஷ்ல சீன உச்சரிப்பு போட்டுப் பேசினாரு. டான் யீ கலிஃபோர்னியால பொறந்து வளந்தவரு, எல்லா அமெரிக்கன் மாதிரியும்தான் பேசுவாரு, அப்ப இவரு போட்டது யாரோட குரல். ஸ்டேஷன் ஒரு நாள் பூரா லைவை நிறுத்திட்டு எல்லாருக்கும் பயிற்சி வகுப்பு வெச்சாங்க. நம்மாளு மாதிரின்னு சொல்லி தலையை ஆட்டி கால் சென்டர் இங்கிலீஷ் பேசிக் காட்டறவனைப் பாத்தா நமக்கு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேல இதுல விளக்க ஒண்ணும் இல்ல. கிழக்காசிய வீரர்கள்னாலே ரோபோ, மெஷின், உணர்ச்சியே இல்லன்னு பேசறதும் இதோட அண்ணன் தம்பிதான், டெக்னாலஜி மேல இருக்கற பயத்தை எல்லாம் கொண்டு வந்து ஒரு மனுஷன் மேல கொட்டறது. ஜப்பான் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானி இன்டர்ப்ரெட்டர் வெச்சுப் பேசறது பேஸ்பாலுக்கு நல்லதில்லன்னு 2021ல இஎஸ்பிஎன்ல பேசற ஸ்டீஃபன் ஏ ஸ்மித் சொல்லிட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டாரு. 2024ல அந்த ஓட்டானிதான் ஒரே சீசன்ல 50 ஹோம் ரன், 50 ஸ்டீல் (பந்து போடறவரு அசந்த நேரத்துல அடுத்த பேஸுக்கு ஓடிடறது) ரெண்டையும் தாண்டின முதல் ஆளு, ஸ்டேடியம் நிறைஞ்சு வழிஞ்சுது.

மெஷின் காப்பாத்தும்னு நம்பறதும் தப்பு. ரேடியோல ஏழு செகண்ட் டிலே, பேசினது வெளிய போறதுக்குள்ள வெட்டற டம்ப் பட்டன்லாம் இருக்கு, அது கெட்ட வார்த்தைக்கு வெச்சது. நான் மேல சொன்ன எதுலயும் கெட்ட வார்த்தை கிடையாது, எல்லாமே நல்ல சுத்தமான பாஷைலதான் வந்துச்சு, பட்டன்கிட்ட உக்காந்திருக்கறவருக்கு கை போகாது. மைக் ஆஃப்ல இருக்குன்னு நம்பறது அதுக்கும் மேல. 2006 ஆகஸ்ட்ல கொழும்பு சாரா ஓவல்ல இலங்கை, தென்னாப்பிரிக்கா டெஸ்ட், சங்கக்காரா கேட்சை ஹாஷிம் ஆம்லா பிடிச்சாரு, விளம்பரம் ஓடுதுன்னு நினைச்சு கமென்டேட்டர் டீன் ஜோன்ஸ் ஆம்லாவை தீவிரவாதின்னு சொன்னாரு, காரணம் தாடியும் மதமும்தான். தென்னாப்பிரிக்கால ஒளிபரப்பு கட் ஆகல, அங்க வீட்ல உக்காந்து பாத்தவங்க காதுல விழுந்துச்சு, டென் ஸ்போர்ட்ஸ் சேனல் ஜோன்ஸை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இதைக் கேட்டதும் சில பேரு, பாத்தீங்களா இந்த காலத்துல எல்லாம் ரெக்கார்ட் ஆயிடுது, ஜாலியா பேசவே முடியலன்னு ஆரம்பிப்பாங்க. ரெக்கார்டிங்கால வந்த வினை இல்லங்க இது, ஆஃப்ல இருந்தாலும் பக்கத்து சீட்ல இருக்கறவருக்கு அது கேக்கத்தானே செய்யும்.

டீம் பாசத்துல கண்ணை மூடிக்கறது பத்தி ஒரு வரி. 2017 மே மாசம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் டீமோட ஸ்டேடியம் ஃபென்வே பார்க்ல, எதிர் டீம்ல ஆட வந்த கறுப்பின வீரர் ஆடம் ஜோன்ஸை நிறத்தைச் சொல்லித் திட்டினாங்க, ஒருத்தன் கடலைப் பையைத் தூக்கி எறிஞ்சான், ரெட் சாக்ஸ் நிர்வாகமே மன்னிப்பு கேட்டுச்சு, அதுக்கப்புறமும் ரேடியோ பக்கம் அவரு பொய் சொல்றாருன்னு பேசின ஆளு உண்டு. நம்ம ஊர் பேரு கெடுதுன்னு தோணின உடனே அடி வாங்கினவனை சந்தேகப்படாதீங்க.

இப்ப கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். 2026ல இருந்து மேஜர் லீக் பேஸ்பால்ல பந்து ஸ்ட்ரைக்கா, அதாவது அடிக்கற எல்லைக்குள்ள வந்துச்சா இல்லையான்னு மெஷின்கிட்ட அப்பீல் பண்ணலாம், இதை வெச்சு ரேடியோல சண்டை ஓயாது. ஒரு கூட்டம் மெஷின் வந்தா கேம் செத்துடும்னும், இன்னொரு கூட்டம் நம்பருக்கு நிறம் கிடையாது, அது பாரபட்சம் பாக்காதுன்னும் சொல்லும். ரெண்டாவது கூட்டத்துக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் என்எஃப்எல்லோட தலைக்காய இழப்பீடு. ரிடையர் ஆன வீரர்களுக்கு மூளை பாதிப்புக்கு பணம் கொடுக்கற திட்டம், நூறு கோடி டாலருக்கு மேல. பாதிப்பு எவ்ளோன்னு கணக்கு போடறப்ப, கறுப்பின வீரர் ஆரம்பத்துலயே கொஞ்சம் குறைஞ்ச மூளைத் திறனோட இருந்தவருன்னு வெச்சுக்கிட்டு ஃபார்முலா ஓட்டினாங்க, அப்ப அதே டெஸ்ட்ல அதே மார்க் எடுத்த ரெண்டு பேர்ல வெள்ளைக்காரருக்கு பாதிப்புன்னு வரும், கறுப்பினத்தவருக்கு பெருசா குறையலன்னு வரும். 2020ல ரெண்டு முன்னாள் வீரர்கள் கேஸ் போட்டாங்க, 2021ல இதை நிறுத்தறோம்னு லீக் ஒத்துக்குச்சு. ரேடியோல ஓடின பழைய பேச்சுதான் அந்த ஃபார்முலாவுக்குள்ள போய் உக்காந்து வைத்தியப் பணத்தை மறுத்துச்சு, இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு சரியா தூக்கமே வரல. ஸ்டாட் ஒண்ணை எடுத்துப் பேசறதுக்கு முன்னாடி அதை யாரு போட்டா, எதை வெச்சு போட்டான்னு கேளுங்க.

கடைசியா மன்னிப்பு. யாராவது மனசு புண்பட்டிருந்தா சாரின்னு சொல்றது மன்னிப்பே இல்ல. என்ன சொன்னேன், யாரைப் பத்தி சொன்னேன், அது ஏன் பொய்னு பேரோட சொல்லணும், அதே ஷோல அதே நேரத்துல சொல்லணும், சொல்லிட்டு அந்த ஆளோட ஆட்டத்தைப் பத்தி ஒழுங்கா பேசணும். 2007 ஏப்ரல் 4ஆம் தேதி டான் ஐமஸ், நான் முதல்ல சொன்ன டபிள்யூஎஃப்ஏஎன்ல இருந்துதான் அவரு ஷோ போகும், ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி பொண்ணுங்க பாஸ்கட்பால் டீமை அவங்க தலைமுடியையும் ஒழுக்கத்தையும் சேத்து கேவலமா பேசினாரு, எட்டாவது நாள் சிபிஎஸ் நிறுவனம் அவரை அனுப்பிட்டாங்க. அவரு அப்படிப் பேசினதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் அந்தப் பொண்ணுங்க காலேஜ் டீமுங்களோட தேசிய ஃபைனல் ஆடி டென்னஸிகிட்ட தோத்திருந்தாங்க. கோச் விவியன் ஸ்ட்ரிங்கர், பத்து பேர் டீம்ல அஞ்சு பேர் முதல் வருஷப் பிள்ளைங்க, சீசன் ஆரம்பத்துல ரெண்டு ஜெயிச்சு நாலு தோத்து, டியூக்கிட்ட சொந்த ஊர்லயே 40 பாயின்ட்ல அடி வாங்கி, அப்புறம் மார்ச்ல அதே டியூக்கை 53-52ன்னு ஒரே பாயின்ட்ல தூக்கிட்டு ஃபைனலுக்கு வந்த டீம். 40 பாயின்ட் தோல்விக்கும் அந்த ஒரு பாயின்ட் வெற்றிக்கும் நடுவுல டிஃபென்ஸ்ல என்ன மாறுச்சுன்னு பேசியிருந்தாலே அன்னைக்கு காலை ஷோ பூராவும் ஓடியிருக்கும்.